எடையும் வருவாயும்

கோடை விடுமுறையில் ஊருக்கு வரும் பேரப்பிள்ளையைக் கண்டதும் பாட்டி சொல்லும் முதற்சொல், பெரும்பாலும் 'இளைத்துவிட்டாயே' என்பதுதான். பிள்ளை சென்ற ஆண்டைவிட ஐந்து கிலோ கூடியிருந்தாலும் அச்சொல் மாறுவதில்லை. அரைவயிற்றுக் கஞ்சியைக் கண்ட தலைமுறைக்குப் பூசினாற்போன்ற உடல் செல்வத்தின் அடையாளம். ஒட்டிய கன்னம் வறுமையின் அடையாளம்.

பாட்டியின் கணக்கு முற்றிலும் தவறன்று. 2016 முதல் 2018 வரை நடைபெற்ற தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மெலிந்திருந்தனர். அளவுக்கு மீறிய எடை கொண்டோர் நூற்றுக்கு ஐவர். அவர்களும் எல்லா வீடுகளிலும் ஒரே அளவில் இல்லை. நகரங்களிலும் வசதி படைத்த குடும்பங்களிலுமே மிகுதியாக இருந்தனர்.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழாக உள்ளது. அங்கே பள்ளிகளில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட வகுப்பு மாணவரின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. 10, 11 வயதுப் பிள்ளைகளிடையே உடற்பருமன், செழிப்பான பகுதிகளைவிட வறிய பகுதிகளில் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுகிறது. ஓரிடத்தில் செல்வர் வீட்டிலும் மற்றோரிடத்தில் ஏழையர் வீட்டிலும் மிகும் ஒன்றற்கு, நாவடக்கம் இல்லாமை மட்டுமே காரணம் ஆகுமா?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களையே எண்ணிப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெற்றோர் இருவரும் அலுவலகத்திலிருந்து திரும்ப இரவு எட்டு மணியாகும். பிள்ளை பள்ளிப் பேருந்தில் சென்று, மின்தூக்கியில் ஏறி, கைப்பேசியின் முன் அமர்கிறான். பசித்தால் பீட்சா வாசலுக்கே வந்துவிடுகிறது. வீட்டுவேலை செய்து பிழைக்கும் தாயோ விடியுமுன் புறப்படும்போது பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் வைத்துச் செல்கிறாள். அந்தப் பத்து ரூபாய்க்கு நல்ல ஆப்பிள் ஒன்று வாராது. சிப்ஸ் பொட்டலம் வரும். வயிறு அடங்கும், உடலுக்கு வேண்டிய புரதமோ இரும்புச்சத்தோ அதில் இல்லை. இவ்வாறு வளரும் பிள்ளை மெலிந்தும் போகலாம், சத்தின்றிப் பருத்தும் போகலாம். இரண்டையும் 'திமிர்' என்றோ 'சோம்பல்' என்றோ பேர்சூட்டுவது எளிது; அது நியாயமன்று.

விளையாட்டும் வருவாயைச் சார்ந்ததே. நவம்பரில் நச்சுப்புகை சூழ்ந்தால் திறந்தவெளி ஆட்டங்கள் நின்றுவிடும். கட்டணம் செலுத்த இயன்றவன் உள்ளரங்கில் பூப்பந்து ஆடுவான். ஓரறை வீட்டில் ஐவருடன் வாழ்பவனுக்குச் சந்துதான் திடல். அங்கும் இருசக்கர வண்டிகள் நிறைந்து நிற்கும்.

பள்ளிகளில் எடை பார்க்கும் நாளில், உரக்கப் படிக்கப்படும் எண்ணைக் கேட்டு வகுப்பு சிரிப்பதுண்டு. அந்த எண்ணுக்கு உரியவர் அம்மாணவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை அச்சிரிப்பு அறியாது.

அரசும் இதில் தலையிட்டுள்ளது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிற்குள்ளும் விற்கலாகாது என்று 2020-இல் விதி வகுக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆயினும் தள்ளுவண்டிக்காரர் ஐம்பத்தோராம் மீட்டரில் நிற்கலாம். அவருக்கும் குடும்பம் உண்டு. மாலை மணி அடித்ததும் அவ்வண்டியைச் சூழ்வோர் பெரும்பாலும், வீட்டில் சிற்றுண்டி செய்துதர அந்நேரம் ஆளில்லாத பிள்ளைகள்தாம்.