நான் கெடுத்த சாக்ஸபோன்

எண்பது தொண்ணூறு வருடம் நல்லபடியாக இருந்த ஒரு சாக்ஸபோனை நான் கெடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. வேண்டாம் என்று தடுத்தவர் இருந்தார். மீறித்தான் செய்தேன்.

'டூயட்' படம் வந்த 1994-ல் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்டு அந்த வாத்தியத்தின் மேல் ஆசை வைத்தவர்களில் நானும் ஒருவன். கையில் பணம் சேர்ந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. கற்றுத்தர ஒப்புக்கொண்ட ஆசிரியர், யமஹாவில் மாணவர்களுக்கான ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய அமெரிக்க வாத்தியம் தோளில் தொங்கினால் பார்க்கிறவர்கள் என்னை வித்வான் என்று நினைப்பார்கள். அந்த ஆசைதான் காரணம். நாதத்தில் எது உசத்தி என்றெல்லாம் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

பெரம்பூரில், ரயில்வே ஆங்கிலோ-இந்தியர்களின் நடன இசைக்குழு ஒன்றில் வாசித்தவரின் மனைவியிடம் வாங்கினேன். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் கான் கம்பெனி செய்த ஆல்டோ அது. மினுக்கம் இல்லாத வெள்ளி முலாம், விரிந்த வாயின் உள்ளே தங்கப் பூச்சு. "ஷோகேஸ்ல வெச்சிடாதீங்க தம்பி, வாசிங்க" என்றார் அந்த அம்மா. வாசிப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பின்புறத்தில் 1914 டிசம்பர் 8 என்று தேதி பொறித்திருந்தது. அது காப்புரிமைத் தேதி. துளைகளின் சுவரைத் தனியாகச் செய்து பற்றவைக்காமல், குழாயின் பித்தளையிலிருந்தே இழுத்தெடுக்கும் முறைக்கு வாங்கியது. பின்னால் வந்த வாத்தியங்களிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். சீரியல் எண்ணை வைத்துப் பார்த்தால் என்னுடையது 1920-களின் பிற்பகுதி. தெரிந்த பிறகும் நண்பர்களிடம் '1914 மாடல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேல் ஸ்வரங்கள் ஒருமாதிரி வந்தன. அடி ஸ்வரங்கள் வரவே இல்லை. சாக்ஸபோனில் அடி ஸ்வரத்துக்கு ஏறக்குறைய எல்லாத் துளைகளும் மூடியாக வேண்டும். மேலே எங்கோ துளையை மூடும் தோல் பேடு ஒன்று தாள் கனத்துக்குத் தூக்கி நின்றால்கூடக் கீழே காற்று திக்கும். பேண்டு வாத்தியங்கள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விளக்கை அணைத்துவிட்டு, குழாய்க்குள் சிறு பல்பு ஒன்றை இறக்கி, கீகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். சில பேடுகளின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. தோல் காய்ந்திருந்தது, ஒரு துளையின் விளிம்பு ஒருபக்கம் இறங்கியும் இருந்தது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அதே வாத்தியத்தை வாயில் வைத்து அடி ஸ்வரமான பி-ஃபிளாட்டை ஊதினார். கரகரத்தது, ஆனால் வந்தது. "கசிவு இருக்கு தம்பி. ஆனா பாதி உங்க உதட்டுலதான் இருக்கு" என்றார். என் குற்றம் தொடங்கிய இடம் இது. ஆசிரியரிடம் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை நீட்டி நீட்டி ஊதப் பழகவேண்டும் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த உழைப்புக்கு நான் தயாராக இல்லை. குறை வாத்தியத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

வேலைக்கு இரண்டு மாதம் கேட்டார். காத்திருக்க மாட்டாமல் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்து, "விளிம்புல மட்டும் அரம் போட்டுடாதீங்க. உள்ளேயிருந்து தூக்கித்தான் சமன் பண்ணணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் காலத்துக் கான் சாக்ஸபோன்களில் துளையின் விளிம்பு எவர்சில்வர் டம்ளரின் வாய் மாதிரி வெளிப்பக்கம் சுருட்டிவிடப்பட்டிருக்கும். பேடின் தோல் அந்த உருண்டை விளிம்பில் உட்கார்வதால் அறுபடாது. அரம் போட்டால் சுருளின் மேல்தகடு தேய்ந்து திறந்துகொள்ளும். தேய்ந்த பித்தளையைத் திரும்ப வைக்க வழி கிடையாது. இத்தனையும் தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தட்டை அரத்தை எடுத்துத் தேய்த்தேன். இறங்கிய விளிம்பு ஒன்றுதான். தொடங்கிய வேகத்தில் பக்கத்துத் துளைகளையும் தேய்த்துவிட்டேன். பிறகு அரக்கை உருக்கிப் புதுப் பேடுகளை ஒட்டினேன். கத்திமுனையாகிவிட்ட விளிம்புகள் தோலை வெட்டத் தொடங்கின. கசிவு முன்னைவிட அதிகமானது.

திரும்பக் கொண்டுபோனபோது பெரியவர் என்னைத் திட்டவில்லை. புது வளையம் வைத்துப் பற்றவைக்கலாம், ஆனால் பழைய வாத்தியமாக அது இருக்காது என்றார். கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மா போன் செய்து, "வாசிக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டார். நன்றாக வாசிக்கிறேன் என்றேன். இந்தப் பொய்யும் என் கணக்கில்தான் சேரும். அவரிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

சுருட்டிய விளிம்புகளைக் கான் 1940-களின் பிற்பகுதியில் கைவிட்டுவிட்டது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒரு வாத்தியம் இருந்தால், வெள்ளி முலாம் கறுத்திருந்தாலும், பேடு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இருக்கிறபடியே வைத்திருங்கள். வேலை தெரிந்தவர் இரண்டு மாதம் கேட்டால் இரண்டு மாதம் கொடுங்கள். அதுவரை பழக ஒரு மாணவர் சாக்ஸபோன் போதும்.