சிம்லா பீட் இசைத்தட்டுகள்

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஏரலில், ஆடி அமாவாசைத் திருவிழாவின் மேளநாதத்தில் வளர்ந்த என் செவிக்கு, 1970, 1971ஆம் ஆண்டுகளில் சிம்லா சிகரெட்டின் விளம்பரார்த்தமாக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியார் நடத்திய 'சிம்லா பீட்' இசைப் போட்டிகளையொட்டி வெளிவந்த ராக் இசைத்தட்டுகள் அளிக்கும் ஆனந்தம் அளவிறந்தது.

அயல்நாட்டு வாத்தியங்கள் எளிதில் கிட்டாத அக்காலத்தில், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் முதலிய இளைஞர் குழுவினர் கிதாரிலிருந்து எழுப்பிய அந்தக் கரகரத்த நாதத்தில், பயிற்சியின் குறைவை முற்றிலும் மறக்கச் செய்யும் ஓர் ஆவேசம், வேட்கை என்றே சொல்லலாம், பிரவகிக்கிறது. மேனாட்டுப் பாடல்களை அவர்கள் பிரதி செய்தவற்றைக் காட்டிலும், சுயமாக இயற்றியவையே எனக்கு உயர்ந்தவை. கன்ஃபியூஷன்ஸ் குழுவினரின் 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' அதற்குச் சாட்சி.

அசல் தட்டு வைத்திருக்கும் அன்பர் எவரேனும் இருப்பின் தெரிவியுங்கள். எவ்வூராயினும் வந்து கேட்பேன்.