அல் அய்ன் தோப்புத் தண்ணீர்

தொண்ணூறுகளில் அல் அய்னில் வேலை பார்த்தேன். சனையா என்ற தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. துபாயில் இருந்த ஊர்க்காரர்கள், "அங்கே என்னப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். எனக்கு அங்கிருந்த பேரீச்சந்தோப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இருபுறமும் ஆளுயர மண்சுவர், நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாவும் அத்தியும் எலுமிச்சையும், அடியில் ஆடுமாடுகளுக்குக் குதிரைமசால். வெளியே அனல் வீசும் ஜூலை மாதத்திலும் உள்ளே ஈர மண் வாசனை வரும். 1,47,000 மரங்கள், நூறு வகை என்பது அரசுக் கணக்கு. கலாஸ், கனேஸி, ஃபர்த் என்று நான் தின்று பார்த்தவை கொஞ்சம்தான்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் அங்கே தண்ணீர் பாய்ச்சும் பட்டாணிக் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணி சுற்றிய கல்லை மடை வாயில் திணித்து, ஓரத்தில் கசியும் இடத்தைச் சேறள்ளிப் பூசுவார். தண்ணீர் ஒரு கணம் திணறிவிட்டு அடுத்த பாத்திக்குத் திரும்பும். காவிரிப் பாசனத்தில் முறைத்தண்ணீருக்காக ராக்கண் விழித்தவன் நான். அந்தக் காரியத்தில் அந்நியம் எதுவும் தெரியவில்லை.

ஒருநாள் கேட்டேன்: "சாச்சா, இது மலையிலிருந்து வர்ற தண்ணியா?"

"அந்தக் காலம் போச்சு. இது மோட்டார் தண்ணி."

எனக்கு மனசு கனத்துப்போனது. மலையடியிலிருந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்த ஃபலஜ் என்ற கால்வாய் சாதாரண வேலை இல்லை. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடத்தில் தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து பூமிக்குள்ளேயே மிக மெல்லிய சரிவில் சுரங்கக் கால்வாய் வெட்டி, காற்றுக்கும் தூர் வாரவும் இடையிடையே துளைக்கிணறுகள் வைத்து, எந்த இயந்திரமும் இல்லாமல் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அல் அய்ன் வட்டாரத்தின் ஹிலியிலும் பிதா பின்த் சவூதிலும் அகழ்ந்தெடுத்த ஃபலஜ்களுக்கு ஏறக்குறைய 3,000 வயது. 1946-இல் இங்கே ஆளுநராக வந்த ஷேக் சாயித் தூர்ந்துபோன ஃபலஜ்களைத் தூர் வாரவைத்தார், தாமும் கூட இறங்கி வேலை செய்தார். வசதிபடைத்தவர்கள் தண்ணீர் முறையை வாங்கி விற்றுவந்த வழக்கத்துக்கும் முடிவு கட்டினார்.

எண்ணெய்ப் பணம் வந்து ஊர் பெருத்தபோதும் தோப்புகள் மேல் கைவைக்கவில்லை. ரவுண்டானாக்களும் சாலைகளும் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின, உயரக் கட்டடங்களை அனுமதிக்கவில்லை. 2011-இல் ஹஃபீத், ஹிலி, பிதா பின்த் சவூத் ஆகிய தொல்லியல் இடங்களோடு இந்தத் தோப்புகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டத்தைக் கட்டி 1976-இல் திறந்தவர்கள் நாம். அதை நினைத்தால் அந்த ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் காப்பாற்றியது தோப்பை. ஊற்று வேறெங்கோ இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் பம்புகளும் பெருகப் பெருக நிலத்தடி நீர் கீழே போனது, தாய்க்கிணறு வற்றியது, வாய்க்காலுக்குள் கிணற்று நீரை இறைத்து ஊற்றவேண்டி வந்தது. பஹ்ரைனில் இதைவிட மோசம். அக்கம்பக்கத்தை விட்டுவிட்டுத் தொலைவுக்குப் பாயும் ஊற்று என்று பழமொழியிலேயே இடம்பிடித்த அதாரி, பின்னாளில் தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. பிறகு அதன் பெயரில் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்தது.

மண்சுவர் எழுப்பிய அக்கறையோடு மலையடியில் துளைபோடும் இயந்திரங்களையும் தடுத்திருக்க வேண்டும். பக்கத்து நாடான ஓமானில் அப்படி ஒரு விதி உண்டு: தாய்க்கிணற்றிலிருந்து 3.5 கிலோமீட்டருக்குள் புதிய கிணறு தோண்டக் கூடாது. அங்கே நிஸ்வாவின் தாரிஸ் ஃபலஜில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, தோட்டக்காரர்கள் முறைவைத்துப் பாய்ச்சிக்கொள்கிறார்கள்.