ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளா?

மயிலாப்பூர், அடையாறு பக்கத்து சர்ச் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வாரம் முழுக்கக் காலேஜ், சாயங்காலம் தி.நகரில் சி.ஏ. கோச்சிங். ஞாயிறு வந்தால் கொயர், சண்டே ஸ்கூல், வாலிபர் கூட்டம். திங்கட்கிழமை முகத்தில் உயிரே இருக்காது. ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். ஊழியத்தில் சோர்வா என்று யாராவது கேட்டுவிட்டால்?

எலியாவுக்கும் இதே கதைதான் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி! அதன் பிறகு யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, செத்தால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு! கேள்வி கேட்டதெல்லாம் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான்.

தமிழ்நாட்டு ஊழியக்காரர்கள் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், நோயில் பலரைப் பறிகொடுத்த பிறகே 1845-ல் கொடைக்கானலில் ஓய்வுக்கு வீடு கட்டியது. இன்று எல்லோரும் டூர் போகும் கொடைக்கானல் உருவானது இப்படித்தான். (அவர்களை மலைமேல் தூக்கிப்போன கூலிகளுக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.)

பி.காம். படிப்பவர்களுக்குத் தெரியும், மெஷினுக்கே வருடா வருடம் தேய்மானம் எழுதுவார்கள். கொயரில் பாடுகிறவனுக்கு அதுவும் கிடையாது. கொயரா, சண்டே ஸ்கூலா, ஏதாவது ஒன்றை விடலாம். "ஆள் இல்லையேப்பா" என்று சர்ச் அங்கிள் சொல்வார். "லீவு விட்டதும் வி.பி.எஸ்.-க்கு வர்றேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கலாம்.