ஒன்மோர் யார் சொல்வது?

எழுதி, இயக்கி, நடிக்கவும் செய்கிறேன் என்றால், "எல்லாத்தையும் நீங்களே பண்ணணுமா சார்?" என்று கேட்பார்கள். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சின்ன பட்ஜெட் படத்தில் முதல் காரணம் கால்ஷீட். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஷூட்டிங், தீர்ந்தால் பேக்கப், மறுபடி எப்போது என்பது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு படத்துக்காக எந்த நடிகர் தேதியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்? கூப்பிட்ட நேரத்துக்கு, பேட்டா கேட்காமல் வந்து நிற்கிற ஒரே ஆள் நான்தான்.

சிக்கல் எழுத்திலேயே தொடங்கிவிடும். நான்தான் பேசப்போகிறேன் என்று தெரிந்துவிட்டால் வசனம் என் வாய்க்குத் தோதாக வந்து விழும். கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரரும் என்னைப் போலவே பேச ஆரம்பிப்பார். அதனால் என் பாத்திரத்தின் வசனத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பேசி முடித்தபின் மிச்சமிருக்கிற இடத்தில் என் ஆள் பேசினால் போதும். இந்த விஷயத்தில் எனக்கு சசிகுமார்மேல் தனி மரியாதை. 2008-ல் 'சுப்ரமணியபுரம்' படத்தை எழுதி, இயக்கி, தயாரித்தவர், காதலை ஜெய்க்குக் கொடுத்துவிட்டு பரமனாகப் பக்கத்தில் நின்றார். சொந்தப் பணத்தில் எடுக்கிற முதல் படத்தில் இது எளிதில் வருகிற மனசு அல்ல.

ஸ்பாட்டில் வேறு கதை. அம்மாவாக நடிக்க வந்தவர் நாடகத்தில் ஊறியவர். ஒரு டேக் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, என் வசனம் உங்க உதட்டுல ஓடுது. அதைப் பார்த்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது." எழுதியவனுக்கு எல்லார் வசனமும் மனப்பாடம். எதிரில் இருப்பவர் பேசும்போது வாய் தானாக அசையும். கண்ணும் அவரைப் பார்க்காது, அவர் மார்க்கில் நிற்கிறாரா, முகத்தில் லைட் விழுகிறதா என்று பார்க்கும். மகனாக உட்கார்ந்திருக்க வேண்டியவன் டைரக்டராக உட்கார்ந்திருப்பான். சஜஷன் ஷாட்டில் என் முதுகுதான் ஃபிரேமில் இருக்கும், படம் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அம்மா பார்த்துப் பேசுவது என் முகத்தைத்தானே!

பார்த்திபன் 2019-ல் 'ஒத்த செருப்பு சைஸ் 7' எடுத்தபோது திரையில் தெரிந்தது அவர் ஒருவர் மட்டும்தான்; விசாரிக்கிற போலீஸ்காரர்கள்கூட வெறும் குரல்கள். பெரிய சாகசம், சந்தேகமில்லை. ஆனால் எதிரில் ஒரு முகம் இல்லாததால் இந்த ஒரு தொல்லை மட்டும் அவருக்கு இருந்திருக்காது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

நான் கண்ட வழி இதுதான்: ஆக்‌ஷன் சொல்வதும் கட் சொல்வதும் என் அசோசியேட். நான் நடிக்கிற ஷாட்டில் "ஒன்மோர்" என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்ப நடிப்பேன். ஒவ்வொரு டேக்கையும் மானிட்டரில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் வெளிச்சம் போய்விடும். லொகேஷன் வாடகையை யார் கொடுப்பது? அந்த அசோசியேட்டுக்கு நடிகர்மேல் பயமில்லாமல் இருப்பதும் முக்கியம். "சார், இது நடிச்ச மாதிரி இருக்கு" என்று யூனிட் முன்னால் சொல்லக்கூடிய அசோசியேட் கிடைப்பது நல்ல கேமரா கிடைப்பதைவிட அபூர்வம். எடிட்டிங்கிலும் என் குளோஸ்-அப்பில் எது இருக்கலாம், எது போகலாம் என்பதை எடிட்டரே முடிவு செய்கிறார். முதல் கட் முடியும்வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இனி பணம். அமெரிக்காவில் ஜான் கசவெட்டிஸ் ஹாலிவுட் படங்களில் நடித்த சம்பளத்தைத் தன் படங்களில் போட்டார். 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் அவர் நடித்ததும், சொந்த வீட்டையே லொகேஷனாக்கி எடுத்த 'ஃபேசஸ்' வெளிவந்ததும் ஒரே 1968-ல்தான். நானும் அதே வழிதான், அளவு மட்டும் சிறிது: அடுத்தவர் படங்களில் இன்ஸ்பெக்டர், வக்கீல், பெண்ணின் மாமா. ஆனால் என் படம் பாதியில் நிற்கும்போது கன்டினியூட்டிக்காகத் தாடியை எடுக்க முடியாது, முடி வெட்ட முடியாது, உடம்பும் ஏறக்கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் இன்ஸ்பெக்டர் வேஷம் வரும், அதுவும் நல்ல சம்பளத்தோடு. படத்தை முடிக்கிற பணம் அந்த வேஷத்தில் இருக்கும். அதை வாங்கவிடாமல் தடுப்பதும் அதே படம்தான். இப்போது எழுதிக்கொண்டிருக்கிற கதையில் நாயகன் ஒரு பழைய கான்ஸ்டபிள்: ஒட்ட வெட்டிய முடி, மீசை மட்டும்.