யாருக்குப் போதும்?

2023 ஜூன். மேட்டூர் திறந்து, தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை வேலை தொடங்கியிருந்த நேரம். எங்கள் தெருவில் கணினி அறிவியல் இரண்டாமாண்டு போகும் தங்கை ஒருத்திக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அம்மாவுக்கு நடவு வேலை. 2011இல் அரசு தொடங்கிய இலவச மடிக்கணினி இவள் அக்காவுக்குக் கிடைத்தது. இவள் பிளஸ் டூ முடித்த வருடம் வழங்கப்படவில்லை. புரோகிராமைப் போனில் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். கருவி வாங்க நாம்தான் சேர வேண்டும். மாலைப் பள்ளி நடத்தும் நாங்கள் ஏழு பேர் 40 ஆயிரம் ரூபாய் திரட்டினோம்.

முதல் தவறு எங்களுடையது. "பழைய ஆபீஸ் சிஸ்டம் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்குது. இவளுக்கு அது போதும், மீதியை அடுத்த பிள்ளைக்கு வச்சுக்கலாம்" என்று பேசிக்கொண்டோம். கேட்டுக்கொண்டிருந்தவள், "எதுக்குப் போதும்ணே?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. நமக்குக் கூலி அளந்த மரக்காலைத்தான் நாங்களும் கையில் எடுத்திருந்தோம்.

பிறகு அவளுடைய பாடத்திட்டத்தை விரித்துவைத்து உட்கார்ந்தோம். ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ், ஆண்ட்ராய்டு ஆப். ஆப் செய்யும் மென்பொருள் 8 ஜிபி ரேமில் மூச்சுத் திணறும். ஆகவே 16 ஜிபி. அதையும் ஒரே துண்டாக இல்லாமல் எட்டு, எட்டாக இரண்டு. அப்படிப் போட்டால்தான் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் நன்றாக வேலை செய்யும். பிராசஸர் ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், தனி கிராஃபிக்ஸ் கார்டு செலவு மிச்சம். மதர்போர்டு பி450. பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் அப்டேட் செய்யாமல் இந்தப் பிராசஸரை எடுக்காது, கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி. லேப்டாப் ஏன் இல்லை என்றால், இதில் ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

கடைக்காரர் அவளைப் பார்க்காமல் எங்களிடமே பேசினார். "காலேஜ் பொண்ணு டைப் அடிக்கத்தானே சார், 4 ஜிபி போதும்." மறுபடி அதே சொல். "அவங்கதான் வாங்குறாங்க, அவங்ககிட்டப் பேசுங்க" என்றோம். அவள் பட்டியலை நீட்டினாள். அதற்குப் பிறகு அவர் "மேடம்" என்றுதான் பேசினார்.

கேபினட்டோடு எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ என்றார். இங்கேதான் ஏமாறக்கூடாது. பம்புசெட் ஓடும் நேரத்தில் நம் ஊர் மின்சாரம் எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மட்டமான எஸ்எம்பிஎஸ் தான் போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரம் உள்ளதைத் தனியாக வாங்கினோம். 600 விஏ யுபிஎஸ் ஒன்றும். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து நிறுத்த அது நேரம் தரும்.

இன்னொன்றை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். அவர்களுடையது தொகுப்பு வீடு. பிளக்கில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருந்தது, எர்த் கிடையாது. தெருவில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் சித்தப்பா குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தார். கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள் தோழர்களே.

பாகங்களைப் பூட்டியது அவள். திருப்புளி பிடித்துக் கொடுத்தது மட்டும் நாங்கள். முதல் தடவை திரை வரவில்லை. ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை. அழுத்தியதும் 'டக்' என்று சத்தம். திரை வந்தது. நடவு முடிந்து வந்த அம்மா சேற்றுக்காலோடு வாசலிலேயே நின்று பார்த்தார்.

அன்றிரவே ஒரு பென்டிரைவில் பிரதி எடுக்கப் பழக்கினோம். 1917இல் அண்ணல் அம்பேத்கர் நாடு திரும்பியபோது அவர் புத்தகங்கள் வந்த கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. படிப்பின் உழைப்பை ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது.

பில்லை அவள் பெயரில்தான் போடச் சொல்லியிருந்தோம். வாரண்டிக்கு அது வேண்டும் என்றோம். காரணம் அது மட்டுமில்லை.

இப்போது மாலைப் பள்ளியில் அடுத்த பிள்ளைக்குத் திரட்டுகிறோம். 'போதும்' என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டியல் எழுதுகிறோம்.

ஜெய்பீம்.