மின்விசிறியை நிறுத்து, டேக் அடிக்கணும்

ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் இறங்கினால் லாரிச் சத்தம் அடங்கிவிடுகிறது. தகரக் கூரை போட்ட கேட், கிரில் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிரில் வேலை இல்லை. உள்ளே ஒரு இரும்பு உத்திரத்தின் மேல் படுத்திருக்கிறது நான் பார்க்க வந்த சமாச்சாரம்: குட்டி டிராக் பைக்கின் சேசிஸ்.

டிராக் பந்தயம் என்பது நேர்க்கோட்டு ஓட்டம். வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவே இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கியதும் முன்சக்கரம் எழும்பப் பார்க்கும். அதை அடக்கத்தான் வண்டியை நீட்டி, தரையோடு தரையாகத் தாழ்த்துகிறார்கள். சாதாரண 100 சிசி பைக்கில் அச்சுக்கு அச்சு சுமார் 1,240 மி.மீ. இதில் 1,400. சக்கரமோ ஸ்கூட்டரின் 10 இன்ச் சக்கரம். பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. இன்ஜின் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய 97.2 சிசி. எட்டு குதிரைத்திறனில் முன்சக்கரம் எவ்வளவு தூக்கிவிடும் என்று எனக்குச் சந்தேகம். கேட்டும்விட்டேன். "அப்புறம் பெருசா ஏத்துவோம் சார்" என்றான் வண்டியைக் கட்டும் தம்பி.

தம்பி ஐடிஐ முடித்தவன். வாரம் ஆறு நாள் உதிரிபாக கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. பட்டறைக்காரர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். கேட் செய்தே கை பழுத்தவர்.

பைப்பில்தான் முதல் தகராறு. பட்டறையில் கிடந்த ஜிஐ பைப்பையே வளைத்துவிடலாம் என்று தம்பி நினைத்திருக்கிறான். அண்ணன் தொடவிடவில்லை. அதன் மேலிருக்கும் துத்தநாகம் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும்; மூச்சில் போனால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான். வெல்டும் ஓட்டை ஓட்டையாக வரும். கடைசியில் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கருப்புப் பைப் வாங்கி வந்தார்கள்: ஒரு இன்ச் விட்டம், 2 மி.மீ. கனம். ஆவடியில் 1955 முதல் இந்த மாதிரிக் குழாய்களை உருட்டும் ஆலை இருக்கிறது; பைக் சேசிஸுக்குக் குழாய் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. மணலை இறுக்கி அடைத்துச் சூடு காட்டி வளைத்திருக்கிறார்கள். மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் சப்பிப் போகும்.

பொருத்தும் விதத்தைப் பார்த்தால் கொத்தனார் வேலையோ என்று தோன்றும். கோன் செட் உட்காரும் கழுத்துக் குழாயிலிருந்து பின் அச்சு வரை நடுவில் ஒரு நூல். பக்கத்தில் தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம். ஒரு குழாயின் முனையை மீன்வாய் போல வெட்டி இன்னொன்றின் முதுகில் உட்கார வைக்கிறார் அண்ணன். இடுக்கில் நகம் நுழைந்தால் மறுபடி கிரைண்டர்.

"ஃபேனை நிறுத்துடா."

சித்திரை வெயில், தகரக் கூரை. இருந்தும் நிறுத்தத்தான் வேண்டும். சிஓ2 வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காப்பது அந்த வாயுதான். விசிறி அதை ஊதித் தள்ளிவிட்டால் வெல்டில் புழு அரித்த மாதிரி துளைகள். மூட்டுக்கு நாலு இடத்தில் டேக், அதாவது பொட்டு வெல்டு அடித்து, நூலைப் பார்த்து, பிறகுதான் முழு வெல்டு. அதுவும் ஒரு மூட்டை ஒரேயடியாக முடிப்பதில்லை. இடப்பக்கம் ஒரு அங்குலம், வலப்பக்கம் ஒரு அங்குலம், மேலே, கீழே. "ஆறும்போது இழுத்துக்கும் சார்." ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். உருகிய இடமோ 1,500 டிகிரியைத் தொட்டு வருவது. ஆறிச் சுருங்கும்போது பக்கத்துக் குழாயையும் சேர்த்து இழுக்கும்.

தம்பிக்கு இது புதிதாக இருந்திருக்கிறது. கம்பெனியில் அவன் பைப்பை ஃபிக்சரில் மாட்டிவிட்டு விலகி நின்று, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்துவான். கை உள்ளே சிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. மீதியை ரோபோ பார்த்துக்கொள்ளும். ஃபிக்சரின் பிடி இரும்பை நகரவிடாது. அதனால் இரும்பு இழுக்கும் என்பதே அவன் கண்ணில் பட்டதில்லை. என் கணக்கில், இந்த ஞாயிறுகளில் அவனுக்குக் கிடைத்த லாபம் வண்டியைவிட இதுதான்.

ஆறியபின் அளந்தார்கள். சேசிஸின் வால் 2 மி.மீ. இடப்பக்கம் போயிருந்தது. அண்ணன் பதறவில்லை. வலப்பக்கக் குழாயில் காசு அகலத்துக்குச் செக்கச் செவேலென்று சூடு காட்டி ஆறவிட்டார். அந்தப் பக்கமும் சுருங்க, வால் திரும்பி வந்தது. அரை மி.மீ. மிச்சம். செயினுக்கு அது போதும் என்றார்.

ஓட்டுவது எங்கே? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதையே தடுக்கிறது. பட்டறையில் பிறந்த இதற்கு ஏது நம்பர் பிளேட்? சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு மாற்றாக 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தது. தேசிய டிராக் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. உரிமம் வாங்கி, வண்டிச் சோதனையில் தேறி, குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சிப்காட் சாலைகள் ஞாயிறன்று காலியாக, நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்து ஆசை காட்டும். தம்பிகளே, அங்கே மட்டும் வேண்டாம்.